கையறு நிலையும் கழுத்தடி வாயிலும்

தமிழில் 'கை' என்னும் ஓரெழுத்து ஒருமொழி தாங்கி நிற்கும் பொருள்கள் பலவாகும். கைகொடுத்தல் உதவி ஆயிற்று. கைவிடுதல் துறத்தல் ஆயிற்று. கைமாறு, கைத்தொழில், கைவண்ணம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தலைவனை இழந்தோர் செயலற்று வருந்தும் நிலையைப் புறத்திணை இலக்கணம் கையறுநிலை என்று வழங்கிற்று. அத்துறையை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ்சொல்லி வந்த நமக்கு, அச்சொல்லின் பொருள் வலக்கைச் சுண்டுவிரல் வழியாக ஏறி வந்து விளங்கலாயிற்று.

மலர்க் குழுவினர் நம்மிடம் கேட்டது சங்க இலக்கியக் கட்டுரை. ஆயினும், நம்மை இரண்டாண்டுக் காலம் அலைக்கழித்த ஒரு நோயைப் பற்றியும், அதற்கான அறுவை முறைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள நேர்ந்ததைப் பற்றியும் எழுதுவது பயனுடைத்து என்று கருதினோம். நோயின் ஆங்கிலப் பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். மார்பு வாயில் நெரிவு நோய் என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம்.

2021ஆம் ஆண்டில் தொடங்கியது இது. கரும்பலகையின் மேற்பகுதியில் எழுதும்போது கை கனத்துச் சாக்பீஸ் நழுவும். பேருந்தில் மேற்கம்பியைப் பற்றி நின்றால் இரண்டு நிறுத்தங்களுக்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். இரவில் முன்கையின் உட்புறம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். முதலிற் கண்ட மருத்துவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டை அணிவித்தார். அடுத்தவர் மணிக்கட்டில் நரம்பு நெரிகிறது என்றார். விடைத்தாள் திருத்த அஞ்சியே கை வலிக்கிறது என்று நண்பர் ஒருவர் நகையாடினார். நகையாடியவரை நாம் நொந்துகொள்ளவில்லை. வெளிப்பார்வைக்குக் கை நன்றாகத்தான் இருந்தது.

உண்மையில் நன்றாக இல்லை. நம் இரு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த இளைய மருத்துவர் ஒருவரே முதலில் அதனைக் கண்டார். வலக்கைக் கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு இடக்கையில் உள்ளதைவிடத் தட்டையாகி இருந்தது. மரமரப்போ சுண்டுவிரற் பக்கம். மெலிவோ கட்டைவிரற் பக்கம். மணிக்கட்டில் நரம்பு நெரிந்தால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரக்கும். முழங்கையில் நெரிந்தால் சுண்டுவிரல் மரக்கும். ஆனால் கட்டைவிரலடி இவ்வாறு மெலியாது. இவ்விரண்டும் ஒருங்கே வருமாயின் கழுத்தடியில் தேட வேண்டும் என்றார் அவர். கழுத்தின் ஊடுகதிர்ப் படத்தில், ஏழாம் முள்ளெலும்பிலிருந்து, இருக்கக் கூடாத ஒரு சிறு விலா எலும்பு வலப்புறம் நீட்டிக்கொண்டிருந்தது. இதற்குக் கழுத்து விலா என்று பெயர். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படும். அவர்களிலும் பெரும்பாலோர் இஃது உண்டு என்பதை அறியாமலே வாழ்ந்து முடிப்பர்.

இனி அவ்வாயிலின் அமைப்பைச் சிறிது காண்போம். தோளுக்கும் கழுத்துக்கும் இடையே முன்புறம் துருத்தி நிற்பது காறை எலும்பு. காறை என்னும் கழுத்தணி படியும் இடத்து எலும்பு ஆதலின் இப்பெயர் பெற்றது போலும். அதன் கீழே, மேல்நோக்கி வளைந்து கிடப்பது முதல் விலா எலும்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடுக்கின் வழியாகவே கைக்கு வேண்டிய எல்லாம் செல்ல வேண்டும். கழுத்திலிருந்து இறங்கும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னிய புயநரம்புப் பின்னல் ஒன்று. கைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி ஒன்று. கையிலிருந்து குருதியைத் திருப்பிக் கொணரும் சிரை ஒன்று. கழுத்தெலும்பிலிருந்து முதல் விலாவுக்கு இறங்கும் ஸ்கேலீன் தசைகள் இரண்டு இங்கே தூண்கள் போல் நிற்கின்றன. முன் தசைக்கும் நடுத் தசைக்கும் இடையே தமனியும் நரம்புப் பின்னலும் செல்கின்றன. முன் தசைக்கு முன்னால் சிரை செல்கிறது. இடுக்கைக் கடந்த பின்னரும், மார்பின் சிறு தசைக்கு அடியில் மற்றொரு நெருக்கடி உண்டு.

இப்பகுதியை உடற்கூற்றியலார் நுழைவாயில் என்பர். அறுவை மருத்துவரோ வெளிவாயில் என்பர். ஒரே கதவை உள்ளிருப்பவர் ஒருவிதமாகவும் வெளியிருப்பவர் ஒருவிதமாகவும் அழைப்பது போன்றது இது. பெயரளவிலேயே இத்துணைக் குழப்பம் உடைய நோய், கண்டறிவதிலும் குழப்பம் தருவதில் வியப்பில்லை.

நெரிபடுவது எது என்பதைப் பொறுத்து நோய் மூவகைப்படும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர்க்கு நரம்பே நெரிகிறது. சிரை நெரியுமாயின் கை திடீரென்று வீங்கி நீலம் பாரிக்கும். உள்ளே குருதி உறைந்திருக்கும். கடும் உழைப்புக்கோ பயிற்சிக்கோ பின் இளைஞர்க்கு வரும் இதனை 1875இல் இலண்டனில் ஜேம்ஸ் பேஜெட் என்பாரும், 1884இல் வியன்னாவில் வான் ஷ்ரோட்டர் என்பாரும் எடுத்துரைத்தனர். இருவர் பெயரையும் இணைத்தே இன்றும் அது வழங்கப்படுகிறது. தமனி நெரிவது மிக அரிது. ஆயின் மிகக் கொடியது. நெரிந்த தமனி அதற்கப்பால் பருத்து, அங்கே குருதிக்கட்டிகள் உருவாகி விரல்களுக்குச் செல்லும் வழியை அடைத்துவிடும்.

இம்மூன்றாம் வகையின் கொடுமையை உணர ஒருவர் வரலாறு போதும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் பேஸ்பால் அணியில் ஜே. ஆர். ரிச்சர்ட் என்னும் பந்தெறிவாளர் இருந்தார். பேஸ்பால் என்பது நம் மாணவர்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டின் தூரத்து உறவு என்று கொள்க. அதில் பந்தெறிபவர் கையைத் தலைக்கு மேல் சுழற்றி ஒரே ஆட்டத்தில் நூறு முறை வரை எறிவார். ஆறடி எட்டங்குல உயரம் கொண்ட ரிச்சர்ட், 1978ஆம் ஆண்டில் 303 பேரையும் 1979இல் 313 பேரையும் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றினார். 1980இல் தம் கை செத்ததுபோல் ஆகிவிடுகிறது என்று முறையிட்டார். நாளிதழ்கள் அவரைச் சோம்பேறி என்று எழுதின. சக ஆட்டக்காரரின் பெருஞ்சம்பளத்தின் மீது பொறாமை என்றும் கூறின. சூலை மாத இறுதியில் நடந்த மருத்துவச் சோதனையில் வலக்கைத் தமனியில் அடைப்பு தெரிந்தது. அப்போதைக்கு அறுவை வேண்டா என்று முடிவாயிற்று. சூலை 30ஆம் நாள், இலேசான பயிற்சியின்போதே அவர் மைதானத்தில் சரிந்தார். குருதிக்கட்டி மூளைக்குச் செல்லும் வழியை அடைத்துப் பக்கவாதம் கண்டது. அறுவையால் உயிர் மீண்டது, ஆட்டம் மீளவில்லை. பின்னைய ஆய்வில்தான் மார்பு வாயிலில் தமனி நெரிந்தமை உறுதிப்பட்டது. பின்னாளில் செல்வம் அனைத்தும் இழந்து, 1990களின் நடுவில் ஹூஸ்டன் நகரத்துப் பாலமொன்றின் அடியில் வாழ்ந்த அவர், பின் மீண்டெழுந்து 2021இல் மறைந்தார். நம் நண்பரின் நகையாட்டை நாம் நினைவுகூர்ந்தது இவ்வரலாற்றைப் படித்தபோதுதான்.

நம்முடையது நரம்பு வகை. அதனை உறுதி செய்யும் சோதனைகள் எளியனவும் நுட்பமானவும் உண்டு. இரு கைகளையும் தோள் மட்டத்திற்கு உயர்த்தி, முழங்கையை மடக்கி, மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்கச் சொன்னார்கள். நமக்கு ஒன்றரை நிமிடத்தில் கை தானே இறங்கிவிட்டது. கழுத்தைத் திருப்பி மணிக்கட்டு நாடி மறைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையும் உண்டு. நோயற்ற பலருக்கும் நாடி மறைவதால் அதனை மட்டும் நம்புவதற்கில்லை. முன் ஸ்கேலீன் தசையில் மரப்பூசி போட்டார்கள். சில மணி நேரம் கை பழைய கையாக இருந்தது. அந்தச் சில மணி நேரத்தில் நாம் தலைக்கு மேல் கையை உயர்த்தி, வீட்டுப் பரணில் கிடந்த பழைய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

நரம்பு வகைக்கு முதல் மருத்துவம் கத்தியன்று. தோளைப் பின்னிழுத்து நிற்கவும், ஆழ மூச்சு விடவும், இறுகிய தசைகளை நீட்டவும் பழக்கும் பிசியோதெரபி பல மாதங்கள் செய்து பார்க்க வேண்டும். பலருக்கு அதுவே போதும். நாமும் ஐந்து மாதங்கள் செய்தோம். வலி சற்றுக் குறைந்தது. சதைமேட்டின் மெலிவு நிற்கவில்லை. சட்டைப் பொத்தானை இடக்கையால் போடப் பழகிக்கொண்டிருந்தோம். மெலிவு தொடருமாயின் காத்திருப்பது தகாது என்று மருத்துவர் கூறினர். சிரை, தமனி வகைகளுக்கு இவ்வாறு மாதக்கணக்கில் காத்திருக்கும் வசதியே இல்லை. சிரையில் உறைந்த குருதியை விரைந்து கரைத்து, அதன் பின் விலாவை எடுப்பர். தமனியில் கேடு நேர்ந்திருப்பின் அதனைச் செப்பனிடவும் வேண்டும்.

அறுவை என்று ஆனபின் எழுந்தது வழி பற்றிய வினா. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1861இல் இலண்டனில் ஹோம்ஸ் கூட் என்பவர் கழுத்து விலாவை அறுத்தெடுத்தார். 1927இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஆட்சன் என்பவர், விலாவைத் தொடாமல் முன் ஸ்கேலீன் தசையை மட்டும் அறுத்து விடுவித்தார். எளிய முறை ஆதலின் பரவியது. ஆனால் நோய் திரும்பியவர் பலர். 1956இல்தான் இன்றுள்ள பெயரே நோய்க்கு வந்தது. 1962இல் கிளாகெட் என்பவர், நெரிவுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது முதல் விலாவே என்று காட்டி, முதுகுப்புறமாகச் சென்று அதனை எடுத்தார். பெருந்தசைகளை அறுக்க நேர்ந்ததால் அம்முறை இன்று பெரும்பாலும் மறுமுறை அறுவைக்கே பயன்படுகிறது. 1966இல் டென்வர் நகரின் டேவிட் ரூஸ் அக்குள் வழியைக் கண்டார். காறை எலும்புக்கு மேலாகச் செல்லும் வழியும் பின்னர்ச் செம்மையுற்றது. அண்மைக் காலத்தில் மார்புக் கூட்டினுள் சிறு கருவிகளையும் ரோபோவையும் செலுத்தி உள்ளிருந்தே விலாவை எடுப்பாரும் உளர்.

நாம் கண்ட அறுவை மருத்துவர் இருவர். ஒருவர் அக்குள் வழியே சிறந்தது என்றார். தழும்பு மறைந்திருக்கும், தசைகள் பெரிதும் வெட்டுப்படா, முதல் விலா நேரே கைக்கு எட்டும். ஆனால் குறுகிய குழிக்குள் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கும். ஸ்கேலீன் தசைகளை முழுதும் நீக்குவது கடினம். கையை நெடுநேரம் உயர்த்திப் பிடிப்பதால் நரம்புப் பின்னல் இழுபடலாம். மேற்கையின் உட்புறம் உணர்வூட்டும் சிறு நரம்பு பாதிக்கப்பட்டு அவ்விடம் மரத்துப்போகலாம்.

மற்றவர் காறைக்கு மேலான வழியைச் சொன்னார். அங்கே நரம்புப் பின்னல் கண்முன் விரிந்து கிடக்கும்; ஸ்கேலீன் தசைகள் இரண்டையும் நீக்கலாம்; கழுத்து விலாவையும், அதன் நுனியிலிருந்து முதல் விலாவுக்கு ஓடும் நாரையும் நேரே காணலாம். படத்தில் தெரியாத அந்த நாரே பெரும்பாலும் கீழ் நரம்பை வில்லின் நாண்போல் மேலே உந்தி நிறுத்துகிறது என்று விளக்கினார். குறையும் கூறினார். முன் ஸ்கேலீன் தசையின் மேல் படிந்து இறங்குவது உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு. தசையை நீக்க அந்நரம்பை நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தும்போது அது சோர்ந்து போனால் பாதி மூச்சு போகும். நடுத் தசையை ஊடுருவும் மற்றொரு நரம்பு கெட்டால் தோள்பட்டை எலும்பு சிறகுபோல் புடைத்து நிற்கும். இடப்புறம் செய்வோர்க்கு மார்பு நிணநீர்க் குழாயும் ஓர் அச்சம். நமக்கு வலப்புறம் ஆதலின் அந்தக் கவலை மிகச் சிறிது. நுரையீரல் உறை கிழிந்து காற்றுப் புகுவது இரு வழியிலும் நேரக்கூடியதே.

ஆசிரியனுக்குக் கையும் வேண்டும், மூச்சும் வேண்டும். ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பணயம் வைப்பதா என்று பல நாள் உறக்கம் கெட்டது. நம் தாயார், "கழுத்துல கத்தி வைக்கவா போறே, வாப்பா?" என்று கேட்டார், அதற்கு நம்மிடம் விடை இல்லை. முடிவில் இரண்டாம் மருத்துவரிடமே, நம் நிலைக்கு அக்குள் வழியில் அந்த நாரைக் காண முடியுமா என்று வினவினோம். காணலாம், ஆனால் அதன்மேல் கிடக்கும் நரம்பை அவ்வளவு தெளிவாகக் காண முடியாது என்றார். முதலாமவரிடமும் அதே வினாவைக் கேட்டோம். அவர் சிறிது நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குக் கழுத்து விலா இருப்பதால் மேல்வழியை நான் மறுக்க மாட்டேன் என்றார். தம் வழியை விட்டுக்கொடுத்துப் பேசிய அந்த நேர்மை நமக்கு முடிவைத் தந்தது. கழுத்து விலா இல்லாதவர்க்கும் சிரை வகையினர்க்கும் விடை வேறாகலாம். சிரை வகையில் விலாவின் முன்நுனி வரை எடுக்க வேண்டும்; மேல்வழியால் மட்டும் அங்கு எட்டுவது அரிது என்பதால் காறைக்குக் கீழேயும் திறப்பதுண்டு; அக்குள் வழியாகச் செய்வதும் உண்டு. எந்த வழி உயர்ந்தது என்று பொதுவில் கேட்பதைவிட, நம் உடலில் எது எங்கே நெரிகிறது, அவ்விடத்தை எந்த வழி நன்கு காட்டும், அம்மருத்துவர் எந்த வழியில் மிகுதியும் கை பழகியவர் என்று கேட்பதே தக்கது.

2023 மே விடுமுறையில் அறுவை நடந்தது. கழுத்து விலா, நார், ஸ்கேலீன் தசைகள், முதல் விலா ஆகியவை நீக்கப்பட்டன. முதல் விலா இல்லாமல் எவ்வாறு வாழ்வது என்று கேட்போர் உளர்; எஞ்சியவை மார்புக்கூட்டைத் தாங்கிக்கொள்ளும். நீர் வடியக் குழாய் இரண்டு நாள் இருந்தது. நான்காம் நாள் வீடு திரும்பினோம்.

மறுநாளே விரல்களை மூடித் திறக்கவும் கழுத்தைச் சிறிது திருப்பவும் செய்தார்கள். கையைத் தூக்குத் துணியில் நெடுநாள் கட்டிவைத்தால் நரம்பைச் சுற்றித் தழும்பு படிந்து மீண்டும் நெரியும். ஆதலின் வலித்தாலும் மெல்ல அசைக்க வேண்டும். அதே வேளை எடை தூக்கலாகாது. ஆறு வாரம் வரை ஒரு செம்பு நீருக்கு மேல் வலக்கை தொடவில்லை. சஜ்தாவில் உள்ளங்கை ஊன்றி உடலெடையைத் தாங்குவதும் கூடாது என்றதால் நாற்காலியில் அமர்ந்து தொழுதோம். இருசக்கர வண்டியை இரண்டு மாதம் தொடவில்லை.

நாம் அஞ்சிய மூச்சு, அஞ்சியபடியே சிறிது தளர்ந்தது. ஊடுகதிர்ப் படத்தில் வலப்பக்க உதரவிதானம் சற்று மேலேறி நின்றது. நரம்பு அறுபடவில்லை, நகர்த்தியதால் சோர்ந்திருக்கிறது, மீளும் என்றனர். சூலை இறுதியில் பணிக்குத் திரும்பியபோது இரண்டாம் தளத்திலுள்ள துறைக்கு ஏற நடுப்படியில் நின்று இளைப்பாற வேண்டியிருந்தது. வகுப்பில் நீண்ட அடிகளை ஒரே மூச்சில் சொல்ல இயலாமல், சீர் சீராகப் பிரித்துச் சொன்னோம். அலகிடல் இப்போதுதான் புரிகிறது ஐயா என்றான் ஒரு மாணவன். நான்கு மாதத்தில் மூச்சு திரும்பிற்று.

இரவு ஊர்தல் முதல் வாரத்திலேயே நின்றது. ஆனால் நான்காம் வாரத்தில் கை முழுதும் எரியத் தொடங்கியபோது, எல்லாம் வீண் என்றே எண்ணினோம். விடுபட்ட நரம்பு சினந்து கொதிப்பது இயல்பு என்று பிசியோதெரபி அம்மையார் ஆறுதல் கூறி, கையைப் பக்கவாட்டில் நீட்டி மணிக்கட்டை மெல்ல மடக்கி நரம்பை வழுக்கி நகர்த்தும் பயிற்சியைத் தந்தார். பயிற்சியைக் கூட்டிச் செய்த நாளெல்லாம் எரிச்சலும் கூடியது. குறைத்துச் செய்வதே அங்கு மருந்து. நோய் மீள்வதாயின் பெரும்பாலும் முதல் இரண்டாண்டுக்குள்ளேயே தெரியும் என்பதால், அந்த இரண்டாண்டும் ஒவ்வொரு மரமரப்பையும் எண்ணிக்கொண்டே கழித்தோம். இதுவரை திரும்பவில்லை.

நரம்பு வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கழுத்தடியிலிருந்து கட்டைவிரலடி வரை அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர் இருக்கும்; அஃதாவது இரண்டாண்டுப் பயணம். நெடுநாள் நரம்பற்றுக் கிடந்த தசை அது வந்து சேரும் வரை காத்திருப்பதில்லை. நம் கட்டைவிரற் சதைமேடு மேலும் மெலியவில்லை. பழைய அளவுக்கு நிரம்பவும் இல்லை. கழுத்து விலாவை ஈராண்டு முன்னரே கண்டிருந்தால் நிரம்பியிருக்கும் என்று மருத்துவர் எவரும் நம்மிடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இப்போது பொத்தானை வலக்கையே போடுகிறது. தோற்பை இடத்தோளில். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதுகிறோம். கடைசி இருக்கை மாணவர் எழுந்து நின்று படித்துக் கொள்கின்றனர்.